ஊர் பெயர் இல்லாத மணி

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நண்பரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். தேர்ந்த வாசகர். சிற்றிதழ்களின் பழைய தொகுப்புகளைத் தைத்து அட்டையிட்டு வைத்திருப்பவர். புத்தக அலமாரிக்கு எதிரே இன்னொரு கண்ணாடி அலமாரி. உள்ளே விளக்கொளியில் கனிமப் படிகங்கள். பல ஆண்டுகளாகச் சம்பளத்தின் ஒரு பகுதியைச் செலவழித்துச் சேர்த்தவை. ஜல்காவ் பகுதியிலிருந்து வந்த அபோஃபிலைட், நீர்த்துளியை வெட்டி நிறுத்தியதுபோல. புணேக்கு அருகிலுள்ள வாகோலியின் கேவன்சைட், வெள்ளைப் பாறைமேல் நீலப் பூக்கொத்தாக. காங்கேயம் பக்கத்துச் செவ்வந்திக் கல் ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் சிறு சீட்டு: கனிமத்தின் பெயர், கிடைத்த குவாரி, ஊர், மாவட்டம், வாங்கிய தேதி. சிலவற்றில் முந்தைய உரிமையாளர் எழுதிய பழைய சீட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பித்தளைக் கிண்ணம். அதில் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் ஐந்தாறு, சிவந்த சூதுபவள மணி ஒன்று. மணியை விளக்கருகே பிடித்துக் காட்டினார். நடுவில் சன்னமான துளை. உள்ளே தேன்நிறம் ஓடியது. "எங்கே கிடைத்தது?" என்றேன். "ஆதிச்சநல்லூர்," என்றார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இல்லை, கொடுமணலாகவும் இருக்கலாம். அந்த ஆண்டு இரண்டு இடத்துக்கும் போயிருந்தோம்," என்றார்.

அந்தக் கிண்ணத்தில் சீட்டு ஏதும் இல்லை.

இக்கட்டுரை அந்த நண்பரைப் பற்றியதல்ல. அவரைப் போன்றவர்கள் நம் இலக்கியச் சூழலில் நிறைய இருக்கிறார்கள். 'தொல்லியல் பயணம்' என்று வேன் பிடித்துப் போகிறோம். பரம்பில் நின்று தொன்மை குறித்து உருகுகிறோம். திரும்பும்போது சட்டைப்பையில் ஓர் ஓடு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பெர்லினில் இருக்கும் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களை மீட்டாக வேண்டும் என்று கட்டுரை எழுதுகிறோம். இந்த இரண்டு செயல்களுக்கும் நடுவே எந்த உறுத்தலும் நமக்கு இல்லை. அதுதான் என் பிரச்சினை.

முதலில் கனிமம் சேகரிப்பவர்களின் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். அவர்களை எளிதாகக் கேலி செய்துவிட முடியும். கல்லுக்குப் பணம் கொடுக்கும் பைத்தியங்கள் என்று. ஆனால் அந்தப் பைத்தியத்துக்குள் ஓர் ஒழுக்கம் இருக்கிறது. கிடைத்த இடம் தெரியாத படிகத்தை நல்ல சேகரிப்பாளர் வாங்கத் தயங்குவார். வாங்கினாலும் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்பார். பொய்யான ஊர்ப்பெயரை ஒட்டி விற்பது அங்கே மோசடி. செவ்வந்திக் கல்லைச் சூடாக்கி மஞ்சளாக்கி 'சிட்ரின்' என்று விற்பதையும், அகேட்டுக்குச் சாயம் ஏற்றுவதையும் விடப் பெரிய மோசடியாக இதைக் கருதுபவர்கள் உண்டு. நம்மவர்கள் படிகத்துக்கு நிறமேற்றிப் போலி மணிக்கல் செய்கிறார்கள் என்று 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான பிளினி குறைபட்டிருக்கிறார். போலியைக் கண்டுபிடிக்கச் சோதனைகள் உண்டு. இழந்த ஊரைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் வழியில்லை.

ஊர் ஏன் அத்தனை முக்கியம்? படிகம் தனியாகப் பிறப்பதில்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. உறைந்த பாறைக்குள் வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற குழிகளில் பின்னர் வெந்நீர்க் கரைசல் ஊறி, மெல்ல மெல்லப் படிந்தவைதான் ஜியோலைட்டுகளும் அபோஃபிலைட்டும் கேவன்சைட்டும். எந்தக் குவாரி, எந்த அடுக்கு, அருகே வேறென்ன கனிமம் இருந்தது என்று தெரிந்தால் அந்தக் குழிக்குள் நடந்ததை ஊகிக்க முடியும். தெரியாவிட்டால் மிஞ்சுவது அழகு மட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தக்காணக் குவாரிகளில் பாறையை உடைப்பது ஜல்லிக்காக. படிகம் தேடி யாரும் அங்கே வெடி வைப்பதில்லை. அந்தப் படிகத்தை ஒருவர் எடுத்து வைக்காவிட்டால் அது அரவை இயந்திரத்துக்குள் போய்ச் சாலைக்கு அடியில் கிடக்கும். ஆகவே அங்கே சேகரிப்பாளர் பெரும்பாலும் அழியப்போவதைக் காப்பாற்றுகிறார். வாகோலியின் நீலப் படிகங்கள் உலகின் அருங்காட்சியகங்களில் இருப்பதற்கு அவர்களே காரணம். குவாரித் தொழிலாளிக்கு அதில் என்ன பங்கு கிடைத்தது என்பது வேறு கேள்வி. கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இனி ஆதிச்சநல்லூருக்கு வருவோம்.

தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலை கிழித்துச் செல்லும் செம்மண் சரளை மேடு அது. 114 ஏக்கர். அந்தப் பரம்பின் உள்ளே பாறையைக் குடைந்து இறக்கிய முதுமக்கள் தாழிகள். 1876இல் பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர் வந்து தோண்டினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை மட்கலங்கள், இரும்புக் கருவிகள், எலும்புகள், மண்டையோடுகள் பெர்லினுக்குக் கப்பலேறின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் லூயி லப்பீக் வந்தார். அவர் எடுத்தவை பாரீஸ் போயின. 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்கள், எருமையும் சேவலும் பொருத்திய வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், வேல்கள். அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1915இல் ரீயின் பட்டியல் நூலாக வந்தது.

யாகோர் வந்து போன இரண்டாண்டில், 1878இல், ஆங்கில அரசு புதையல் சட்டத்தைக் கொண்டுவந்தது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உழும்போது செம்புக்காசு கண்ட சம்சாரிக்குச் சட்டம் வந்தது. யாகோர் தோண்டியபோதோ மாவட்டக் கலெக்டரே உடன் இருந்தார். இதில் நமக்குக் கோபம் வருவது நியாயம். எனக்கும் வருகிறது. ஆனால் கோபம் எதன்மீது என்பதில் தெளிவு வேண்டும்.

ரீயின் பட்டியல் பொருள்வாரியாக அடுக்கப்பட்டது. பொன், வெண்கலம், இரும்பு, மட்கலம். பொருள் இருக்கிறது, எண் இருக்கிறது, வடிவம் இருக்கிறது. ஆனால் எந்தத் தாழியில் எதனோடு எது கிடந்தது, அது யாருடைய எலும்புக்கு அருகே வைக்கப்பட்டிருந்தது என்பதை இன்று அதிலிருந்து முழுமையாக மீட்க முடியாது. அந்தக் காலத்து அருங்காட்சியக மனம் அது: சிறந்த மாதிரிகளைத் தேர்ந்து வரிசையாக அடுக்குவது. படிக அலமாரியின் மனம். ஆனால் படிகம் சேகரிப்பவர் தவறாமல் எழுதிவைக்கும் சீட்டு அங்கே அரைகுறையாக நின்றுவிட்டது.

விளைவு என்ன? ஆதிச்சநல்லூரின் காலம் ஒரு நூற்றாண்டு முழுவதும் ஊகமாகவே இருந்தது. அவரவர் விருப்பத்துக்கு ஏற்ப ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டார்கள். பொன் பட்டம் எழும்பூரில் பத்திரமாகத்தான் இருந்தது. அதனால் காலத்தைச் சொல்ல முடியவில்லை.

காலத்தைச் சொன்னவை யாரும் கண்ணாடி அலமாரியில் வைக்காத பொருட்கள். இதே ஆற்றின் முகத்துவாரப் பகுதியில், பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கையில் 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு, கி.மு. 785ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தி. சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அகழாய்வில் 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அப்போது எடுத்து வைத்த மாதிரிகள் அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்குப் போய், 2019இல் முடிவு வந்தது: கி.மு. 905, கி.மு. 696. அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல், கி.மு. 1155 என்று 2021இல் சொன்னது. கரி, நெல், தாழிக்குள் உறைந்த மண். முத்துக் குளித்த இந்தக் கரையில் சிப்பியைப் பிளந்து ஆணிமுத்தை எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடுவார்கள். அது வியாபாரம், அங்கே சரி. தொல்லியலில் கொட்டிய குப்பைதான் பேசுகிறது.

ரீயும் கலங்களுக்குள் நெல், தினை உமியைக் கண்டிருக்கிறார், எழுதியும் இருக்கிறார். அன்று கரிமக் காலக்கணிப்பு கிடையாது. 1940களின் இறுதியில்தான் அம்முறை வந்தது. உமி ஒருநாள் நாள்காட்டியாகும் என்று அவர் எப்படி அறிவார்? அதற்காக அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நமக்கு அந்தச் சாக்கு இல்லை. இன்று பயனற்றது என்று நாம் மிதித்துச் செல்லும் ஒன்று நாளை என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியாது என்பதாவது நமக்குத் தெரியும். பானை ஓட்டின் உள்பக்கம் உறிஞ்சிய கொழுப்பிலிருந்து அதில் என்ன சமைத்தார்கள் என்று இன்று ஆய்வகங்கள் சொல்கின்றன. நண்பரின் கிண்ணத்து ஓடுகளோ பலமுறை சோப்புப் போட்டுக் கழுவப்பட்டவை. பளபளப்பாக இருந்தன.

இப்போது எதிர்வாதங்கள் வரும். முன்கூட்டியே ஊகிக்க முடிகிறது.

ஒன்று: மேற்பரப்பில் கிடப்பது எப்படியும் ஆடும் மாடும் மிதித்து அழியப்போவது, எடுத்து வைப்பதில் என்ன தவறு? தவறு இருக்கிறது. மேற்பரப்பு ஓடுகளின் அடர்த்தியைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் எங்கே குழி போடுவது என்று முடிவுசெய்கிறார்கள். வேனுக்கு இருபது பேர், தலைக்கு இரண்டு ஓடு, ஆண்டுக்கு எத்தனை வேன்? நாம் பொறுக்குவது, நாளை வரப்போகிறவருக்கு மண் விட்டிருக்கும் குறிப்புகளை. பரம்பு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்ற பலகையை வாசித்துவிட்டுத்தான் குனிகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு: தனிச் சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் பல விஷயங்கள் அழிந்தே போயிருக்கும். இது வலுவான வாதம். 'பெருவழுதி' என்று தமிழி எழுத்துப் பொறித்த பாண்டியர் காசை இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்தது கடையில் வாங்கிய பழங்காசுகளிலிருந்துதான். கரூர் அமராவதி ஆற்று மணலில் அரித்தெடுத்த காசுகள் சேகரிப்பாளர்கள் கைக்குப் போயிராவிட்டால் சங்க காலச் சேரர் பற்றி நாம் அறிந்தது இன்னும் குறைவாகவே இருந்திருக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிருஷ்ணமூர்த்தி என்ன செய்தார்? படம் எடுத்தார், எடை போட்டார், வாசித்தார், நூலாக வெளியிட்டார். பிறர் மறுக்கவும் திருத்தவும் வாய்ப்பளித்தார். கிண்ணத்தில் போட்டு விருந்தினருக்குக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. அப்படியும் அந்தக் காசுகள் எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. காலம் பற்றிய வாதம் எழுத்தின் வடிவத்தைப் பிடித்துத் தொங்குகிறது. மிகச் சிறந்த சேகரிப்பாளர் விஷயத்திலேயே இழப்பு இவ்வளவு.

இதற்கு நேர் எதிரே சிவகளையை வைத்துப் பாருங்கள். அந்த இடத்தை வெளியுலகுக்குச் சொன்னவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவரும் பரம்பில் நடந்தவர்தான், ஓடுகளைப் பார்த்தவர்தான். அவர் உரியவர்களிடம் போய்ச் சொன்னார், கேட்கும்வரை சொன்னார். அதனால் 2019க்குப் பின் அங்கே முறையான அகழாய்வு நடந்தது. அதனால் அந்த நெல் கிடைத்தது. 2025 ஜனவரியில் வெளியான, இரும்பின் தொன்மையை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுசெல்லும் முடிவுகளும் அங்கிருந்து வந்தன. அம்முடிவுகள்மீது அறிஞர்கள் விவாதிக்கட்டும். விவாதிக்க முடிகிறது என்பதே முக்கியம்: எந்தத் தாழி, எந்த ஆழம் என்று எழுதப்பட்டிருக்கிறது. நண்பரின் மணியைப் பற்றி விவாதிக்க ஒன்றுமே இல்லை. அழகான மணி, அவ்வளவுதான்.

மூன்று: அரசு மட்டும் ஒழுங்கா? இல்லை. இதில் நான் யாருக்கும் வக்காலத்து வாங்கப் போவதில்லை. 2004-05 அகழாய்வின் அறிக்கைக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்த பிறகே அசைவு தெரிந்தது. கீழடியின் முதலிரு கட்ட அகழாய்வு அறிக்கையை அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்தார். 2025 மே மாதத்தில் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அறிக்கை என்பது அகழாய்வின் சீட்டு. அறிக்கை வெளிவராத அகழாய்வு, சீட்டில்லாத கிண்ணத்தைப் பெரிய அளவில் செய்வதுதான். ஆனால் அரசு சீட்டு எழுதவில்லை என்பதற்காக நானும் எழுதாமல் எடுத்துக்கொள்வேன் என்பது எந்த வகை நியாயம்?

நான்கு, யாரும் வெளிப்படையாகச் சொல்லாதது: அதைத் தொடும்போது ஏற்படும் பரவசம். மூவாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு கை வனைந்ததை என் கை தொடுகிறது. இதை நான் பொய்யென்று சொல்ல மாட்டேன். நாம் இலக்கியத்துக்கு வந்ததே இப்படியான பரவசங்களைத் தேடித்தான். ஆனால் பரவசத்துக்கு உடைமை எதற்கு? பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்தால் குறைந்துபோய்விடுமா? குறையும் என்றால் நாம் தேடியது தொன்மையை அல்ல, உடைமையின் சுகத்தை.

உடைமையின் சுகத்துக்கு ஒரு சந்தையும் உண்டு. 'பழைய பாசிமணி' என்று கோத்து விற்கிறார்கள். கொடுமணலில் 1985 முதல் கா. ராஜன் உள்ளிட்டோர் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தது ஒரு மணி செய்யும் பட்டறையை: மூலக்கல், பாதி வெட்டியது, துளையிடும்போது உடைந்தது, மெருகேற்றியது என்று எல்லாக் கட்டங்களும் ஓரிடத்தில். அருகே படியூரின் பெரில், தொலைவிலிருந்து வந்த சூதுபவளம். அந்தப் பட்டறையில் உடைந்த சில்லுதான் தொழிலாளியின் கைவேலையைச் சொல்கிறது. சந்தை கேட்பதோ முழு மணியை மட்டும். முழு மணிக்கு விலை வைத்தால் யாரோ ஒருவர் இரவில் மண்வெட்டியோடு போகிறார். சில்லுகளை வாரி எறிகிறார். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்தவை தொல்பொருள். உரிமம் இன்றி அவற்றை விற்கும் தொழில் செய்ய முடியாது, தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டம் இருக்கிறது. வாங்குபவர் இருக்கும்வரை மண்வெட்டியும் இருக்கும்.

பெர்லின் பற்றி ஒரு வார்த்தை. திருப்பித் தர வேண்டுமா? கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் நம் மேடைகளில் கேட்கும் விதம், நெற்றிப்பட்டத்தையும் வாளையும் கேட்பதாக இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது சீட்டுகளை: யாகோர் கொண்டுபோனவற்றின் பதிவேடு, அவருடைய குறிப்புகள், ஒவ்வொரு பொருளின் படம், தமிழில் ஒரு முழுப் பட்டியல். கப்பலோ நீதிமன்றமோ இல்லாமல் அவற்றைக் கேட்டு வாங்க முடியும். அவற்றைக் கேட்காமல் பொருளை மட்டும் கேட்பவரும் பொறுக்குபவரின் மனநிலையில்தான் இருக்கிறார். இன்னும் கசப்பான ஒன்று: பெர்லினில் இருப்பதற்கு 'ஆதிச்சநல்லூர்' என்ற பெயராவது மிஞ்சியிருக்கிறது. நம் வீட்டுக் கிண்ணத்தில் இருப்பதற்கு அதுவும் இல்லை.

ஆதிச்சநல்லூரில் 2021இல் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. 2022இல் இன்னொரு பொன் நெற்றிப்பட்டம் கிடைத்தது; செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 2023இல் திறந்த தள அருங்காட்சியகம். குழியில் தாழிகளைக் கண்ட நிலையிலேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். நாம் மேலே நடந்து கீழே பார்க்கிறோம். உடைந்த தாழி உடைந்தபடி, சாய்ந்தது சாய்ந்தபடி. யாரும் எதையும் 'தேர்ந்தெடுக்க'வில்லை. படிக அலமாரிக்கு முற்றிலும் மாறான ஒரு கண்ணாடி.

அங்கே நின்றபோது எனக்கு என் மேசை நினைவுக்கு வந்தது. ஆம், நானும் எடுத்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு, இதே பரம்பிலிருந்து ஓர் ஓடு. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் செம்மை. காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தேன். திருப்பி வைத்துவிடலாம் என்று அன்று பையில் கொண்டுபோயிருந்தேன். வைக்க முடியவில்லை. எந்த இடத்தில் எடுத்தேன்? மேட்டின் வடக்கிலா, சாலைக்குத் தெற்கிலா? ஏதோ ஓரிடத்தில் போட்டால், நாளை அங்கே அளவெடுக்க வரும் ஒருவருக்கு நான் பொய்ச்சாட்சி சொன்னவனாவேன். எடுத்தது ஒரு தவறு; தோன்றிய இடத்தில் போடுவது இன்னொன்று. ஆகவே திரும்பவும் வீட்டுக்கே கொண்டுவந்தேன். 'ஆதிச்சநல்லூர், இடம் தெரியாது, எடுத்தவர் எழுதிவைக்கவில்லை' என்று ஒரு சீட்டு எழுதி அதனடியில் வைத்திருக்கிறேன். தொல்லியல் துறையிடம் அதை அச்சீட்டோடு ஒப்படைக்கப் போகிறேன். அவர்களுக்கு அதனால் பெரிய பயன் இருக்காது என்று தெரியும்.

நண்பருக்கும் இதையே சொன்னேன். அவர் கொஞ்சம் கோபப்பட்டார். பிறகு, "மணி எந்த ஊர் என்று எழுதுவது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இக்கட்டுரையை வாசிக்கும் கிண்ணக்காரர்கள் எல்லோரும் ஒருமுறை தங்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். பதில் தெரிந்தவர்கள் இன்றே எழுதி வையுங்கள், நாளை மறந்துவிடும். அடுத்த வேனில் ஏறுகிறவர்கள் குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், புதிதாக ஏதும் தென்பட்டால் உரியவர்களிடம் சொல்லுங்கள். கை மட்டும் வெறுமையாகத் திரும்பட்டும்.